விலை சொல்லும் தைரியம்: வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, வீட்டிலிருந்து விற்பவரின் பார்வையில்

வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஒரு சிறு கடை தொடங்க வேண்டும் என்று ஆசைப்படும் பெண்கள் முதலில் கேட்பது, எந்தப் பொருளை விற்பது, எவ்வளவு முதல் போடுவது, எந்தச் செயலியில் தொடங்குவது என்ற கேள்விகளைத்தான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால், உண்மையான தயக்கம் வேறோர் இடத்தில் இருப்பது தெரியவரும். தெரிந்தவர்களிடம் விலை சொல்வதும், சொன்ன விலையைக் கேட்டு வாங்குவதும்தான் அவர்களை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியிருக்கும். “சித்தி பொண்ணுகிட்ட போய் எப்படிக் காசு கேக்குறது?” என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காமல் தொடங்கப்படாமலே போன கடைகள் எத்தனையோ உண்டு.

மதுரையில் வீட்டிலிருந்து சுங்குடிப் புடவை விற்பவள் என்ற முறையில், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். இச்செயலி 2018 ஜனவரியில் வெளிவந்தது. பெரும்பாலானோர் இதைப் பச்சை நிறத்தில் இன்னொரு வாட்ஸ்அப் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்ப வசதிகளை மட்டும் கணக்கில் கொண்டால் இதைவிட வளமான இணையக் கடைத் தளங்கள் பல இருக்கின்றன. ஆனால் முதல் புடவையை விற்கும் துணிவைத் தருவதில் இதற்கு நிகரான வேறொன்றை நான் பார்க்கவில்லை. அதற்கான காரணங்களையும், எந்த இடத்தில் இதன் பயன் தீர்ந்துவிடுகிறது என்பதையும் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

செயலியைப் பதிவிறக்கக் கட்டணம் இல்லை. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் வாட்ஸ்அப்பிலும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், கடைக்கென்று தனி எண் வாங்கிவிடுவதே நல்லது. இரண்டு சிம் போடும் போன் இருந்தால் இரண்டு செயலிகளும் ஒரே போனில் தனித்தனியாக இயங்கும். வீட்டில் பழைய தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்த எண்ணைக்கூடப் பதிவு செய்யலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பின் மூலம் சொல்வார்கள். தனி எண் என்பது வெறும் வசதிக்காக மட்டும் இல்லை. உறவினர் குழுக்களும், பள்ளிக் குழுக்களும், காலை வணக்கப் படங்களும் நிரம்பி வழியும் திரையில் ஒரு வாடிக்கையாளரின் கேள்வி கண்ணில் படாமல் கீழே இறங்கிவிடும். கடைக்கென்று ஓர் எண் வந்துவிட்டால், அந்த எண்ணுக்கு வருபவர் வாங்குவதற்காக வருகிறார் என்ற தெளிவு இரு தரப்பிலும் பிறந்துவிடுகிறது.

இந்தச் செயலியின் உயிர்நிலை என்று நான் கருதுவது, 2019 நவம்பரில் சேர்க்கப்பட்ட கேட்டலாக் வசதி. ஐந்நூறு பொருட்கள் வரை இதில் ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் படங்கள் வரை, பெயர், விலை, விவரம், பொருள் எண் ஆகியவற்றைப் போடலாம். விலையைப் போடுவது கட்டாயம் இல்லை என்று செயலி சொல்கிறது. கட்டாயம் போட வேண்டும் என்று நான் சொல்வேன். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்று எழுதும் வழக்கம் இங்கே வேரூன்றிப் போயிருக்கிறது. அது வாங்க வருபவரை ஒருமுறை தயங்க வைப்பதோடு, ஒவ்வொருவரிடமும் புதிதாக விலை சொல்ல வேண்டிய சங்கடத்தில் விற்பவரையும் மாட்டிவிடுகிறது. எழுதி வைத்த விலை அந்தச் சங்கடத்தை முழுவதுமாக நீக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா “இது எவ்வளவு?” என்று கேட்கும்போது, அவர் முகத்தைப் பார்த்து ஒரு தொகையை உச்சரிக்க வேண்டியதில்லை, கேட்டலாக் இணைப்பை அனுப்பினால் போதும். அங்கே எல்லோருக்கும் ஒரே விலை இருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு என் அத்தையோடு நடந்த பேச்சையே சொல்லலாம். கேட்டலாகில் எழுநூற்றைம்பது ரூபாய் என்று போட்டிருந்த மாம்பழ மஞ்சள் புடவையைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார்.

“என்னம்மா, அத்தைக்கும் அதே விலைதானா?”

“ஆமா அத்தை, எல்லாருக்கும் ஒரே விலைதான் போட்டிருக்கேன். நீங்க எடுத்தா கூரியர் செலவு மட்டும் என்னோடது.”

சிறிது நேரம் யோசித்துவிட்டு, “சரி, அந்த அரக்கு பார்டர் போட்டதையும் சேர்த்து வை” என்றார். விலை என் வாயிலிருந்து வந்திருந்தால் அதைக் குறைப்பது உறவின் கடமையாகியிருக்கும். ஏற்கெனவே எழுதப்பட்டு ஊரே பார்க்கும் இடத்தில் இருந்ததால், அதைக் குறைக்கச் சொல்வது அவருக்கே சரியாகப் படவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால் கூரியர் செலவில் விட்டுக்கொடுக்கலாம். விலையில் விட்டுக்கொடுத்தால் அது அடுத்த கல்யாண வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கேட்டலாகில் படம் ஏற்றும் வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கை பெரும்பாலும் அங்கேதான் கட்டப்படுகிறது. புடவையில் வரும் புகார்களில் முதலிடம் நிறத்துக்கே. அரக்கு நிறம் நேர் வெயிலில் சிவப்பாகத் தெரியும். மயில் கழுத்து நிறம் டியூப் லைட்டில் வெறும் நீலமாகிவிடும். வெங்காய நிறத்தைப் பெரும்பாலான போன் கேமராக்கள் ரோஸ் என்றே காட்டுகின்றன. காலை எட்டு ஒன்பது மணி அளவில், வெயில் நேராக விழாத தாழ்வாரத்திலோ மொட்டைமாடிப் படிக்கட்டின் நிழலிலோ, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் புடவையை வைத்து எடுத்தால் நிறம் ஓரளவு உண்மையாக வருகிறது. ஓரத்தில் வேட்டியின் வெள்ளை தெரிவதால், பார்ப்பவரின் கண்ணும் நிறத்தைச் சரியாக அளந்துகொள்கிறது. படத்தின் நிறத்தை மாற்றும் ஃபில்டர்கள் எதையும் பயன்படுத்தக் கூடாது. பத்துப் படங்களுக்கு இடம் இருப்பதால் முழுப் புடவை, முந்தி, பார்டர், உடலில் உள்ள புள்ளிகளின் நெருக்கப் படம், பின்பக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் போட்டுவிடலாம்.

பின்பக்கத்தை ஏன் காட்ட வேண்டும் என்று கேட்கலாம். மதுரை சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கையால் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை உருவாக்கும் இந்தக் கலையை மதுரையின் சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறார்கள். ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அச்சிட்டவை. முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் சிறு சுருக்கம் தென்படும். புள்ளி இரு பக்கமும் தெரியும். அச்சில் புள்ளிகள் அளந்து வைத்தாற்போல இருக்கும், பின்பக்கம் மங்கலாகத் தெரியும். இரண்டுமே நல்ல பருத்திப் புடவைகள்தாம். அச்சுப் புடவையின் விலை பலருக்கு எட்டும் விலை. ஆனால் எது எது என்பதை விவரப் பகுதியில் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, முதல் சலவையில் சாயம் போகுமா என்ற மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் சேர்த்துவிட்டால், நாள் முழுவதும் வரும் கேள்விகளில் பாதி வராமலே போகும். விலையைத் தயங்காமல் எழுதுவதற்கான மன உறுதியும் இந்த விவரங்களை நேர்மையாக எழுதி முடிக்கும்போதுதான் வருகிறது என்பது என் அனுபவம். பொருளைப் பற்றி மறைக்க எதுவும் இல்லாதவருக்கு விலையைப் பற்றிக் கூச்சப்படவும் எதுவும் இருப்பதில்லை.

அடுத்த தயக்கம் பணம் கேட்பது. இதற்குச் செயலியில் இரண்டு எளிய கருவிகள் இருக்கின்றன. அடிக்கடி அனுப்ப வேண்டிய செய்திகளை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒரு சாய்கோடும் ஒரு சிறு சொல்லும் தட்டினால் முழுச் செய்தியும் வந்து நிற்கும்படி அமைக்கலாம். ஐம்பது செய்திகள் வரை இப்படி வைத்துக்கொள்ள முடியும். “புடவை விலையும் கூரியர் கட்டணமும் சேர்த்து மேலே குறிப்பிட்ட தொகையை இந்த யுபிஐ முகவரிக்கு அனுப்பிவிட்டு, உங்கள் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் தெரிவிக்கவும். பணம் வந்த மறுநாள் பார்சல் புறப்படும்” என்ற செய்தியை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதும்போது, தெரிந்தவர் என்றால் “உங்களுக்கு முடிஞ்சப்ப அனுப்புங்க” என்று விரல் தானாகவே எழுதிவிடும். எழுதி வைத்த செய்தி அந்த இளக்கத்தைக் காட்டாது. அதே சமயம் மரியாதையும் குறைவதில்லை. எல்லோருக்கும் ஒரே வாசகம் போகிறது என்பதை வாங்குபவர்களும் விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது கருவி லேபிள், அதாவது ஒவ்வோர் உரையாடலின் மேலும் நாம் ஒட்டிவைக்கும் அடையாளச் சீட்டு. புதிய வாடிக்கையாளர், புதிய ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது என்று ஐந்து லேபிள்கள் செயலியிலேயே இருக்கின்றன. நமக்கு வேண்டியதைச் சேர்த்து இருபது வரை வைத்துக்கொள்ளலாம். ‘பணம் வர வேண்டியது’ என்ற லேபிளின்கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வாரம் ஒருமுறை திறந்து பார்த்தாலே, அன்பின் பேரில் கொடுத்த கடன் எவ்வளவு என்பது கண்முன் வந்துவிடும். நோட்டில் எழுதாமல் மனதில் வைத்துக்கொள்ளும் கணக்குதான் வீட்டுக் கடைகளைச் சாய்க்கிறது.

கடை நேரத்தை அறிவிக்கும் வசதியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. வேலை நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும்படி செய்யலாம். முதன்முறையாக எழுதுபவருக்கும், பதினான்கு நாட்கள் பேச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப வருபவருக்கும் வாழ்த்துச் செய்தி ஒன்று தானாகவே போகும். “காலை 10 முதல் மாலை 6 வரை” என்ற ஒரு வரி, இரவு பதினொரு மணிக்கு “அந்த பச்சைப் புடவை இருக்கா?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் இருப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒன்றுக்கு நேரம் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு, அந்த நேரத்தில் காய் நறுக்கக் கூப்பிடுவது குறைகிறது.

இனி குறைகள். கேட்டலாக் எத்தனை புடவை கையிருப்பில் இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொள்ளாது. 2020 டிசம்பரில் வந்த கார்ட் வசதியால், வாங்குபவர் பல பொருட்களைத் தேர்ந்தெடுத்து ஒரே செய்தியாக அனுப்ப முடியும். ஆனால் அது வெறும் விருப்பப் பட்டியல்தான்; பணமும் அதில் வராது, இருப்பும் குறையாது. ஒரே புடவையை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பணம் முதலில் வந்தவருக்கே பொருள் என்ற விதியை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் இதற்கு ஒரே வழி. கைத்தறி, கைச்சாயம் போன்ற ஒற்றைப் பொருட்களை விற்பவர்கள், விற்றுப்போனதை உடனுக்குடன் கேட்டலாகில் மறைத்துவிடும் பழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இன்னொரு பெரிய வரம்பு, புதியவர்களைத் தேடித்தருவதில் இதற்கு எந்தத் திறமையும் இல்லை என்பது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம் என்றாலும், நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எங்கிருந்தோ எண்களைத் திரட்டி மொத்தமாகச் செய்தி அனுப்புபவர்களைப் பலர் பிளாக் செய்வார்கள். அப்படிப் புகார் பெருகினால் எண்ணே முடக்கப்படலாம். அதனால் ஸ்டேட்டஸ்தான் பாதுகாப்பான வழி. இருபத்துநான்கு மணி நேரம் மட்டுமே நிற்பதால் யாருக்கும் தொந்தரவாக இராது. விருப்பம் உள்ளவர் தாமே கேட்பார். யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, “பார்த்தீங்களே, வேணுமா?” என்று கேட்கப் போகக் கூடாது. அப்படிக் கேட்ட மறுநாளிலிருந்து ஸ்டேட்டஸைப் பார்க்கும் உறவினர் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

அறிமுகம் இல்லாதவர்களைச் சென்றடைய இன்ஸ்டாகிராம் வேண்டும். மொத்தமாக விற்க மீஷோ, அமேசான் போன்ற தளங்கள் வேண்டும். அங்கே திருப்பி அனுப்பப்படும் பொருட்களின் சுமையும், பக்கத்திலேயே பத்து ரூபாய் குறைவாக விற்பவரின் போட்டியும் முதல் நாளிலிருந்தே உண்டு. விலை சொல்லப் பழகாத ஒருவரை நேராக அந்தச் சந்தையில் இறக்கிவிட்டால், விலையைக் குறைப்பதை மட்டுமே அவர் கற்றுக்கொள்வார். தெரிந்தவர்களிடம் நியாயமான விலையை வைத்து விற்றுப் பழகிய பிறகு போவதுதான் சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

பணம் பெறுவதில் இருந்த தடை யுபிஐ வந்தபிறகு பெருமளவு நீங்கிவிட்டது. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர் இரண்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சலை அனுப்பக் கூடாது. தம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். போலி ஸ்கிரீன்ஷாட்டைத் தயாரிப்பது இன்று மிக எளிது. இரண்டாவது, பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை. “பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்” என்று யார் சொன்னாலும், அவர் ராணுவத்தில் இருப்பதாகவே சொன்னாலும், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

பார்சலைப் பொறுத்தவரை, அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் 1986-இலிருந்து இயங்குகிறது. கூரியர் போகாத கிராமத்துக்கும் அது போகும். தமிழ்நாட்டுக்குள் எஸ்.டி. கூரியர், புரொஃபஷனல் கூரியர் போன்றவற்றைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். புடவைக்குப் பெட்டி தேவையில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய அனுகூலம். பெட்டியில் அனுப்பினால், நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்குப் பல கூரியர்கள் கட்டணம் வாங்கும்; பொருள் இலேசாக இருந்தாலும் பெட்டியின் பருமனுக்குக் காசு போகும். மடித்து, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, அதன்மேல் கூரியர் கவர் போட்டால் போதும். பார்சல் புறப்பட்டதும் ட்ராக்கிங் எண்ணை அனுப்புவதும், பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வதும் வழக்கமாகிவிட்டன. இரண்டாவதை நயமாகச் சொல்ல வேண்டும், அத்தைக்கும் அதே வாசகம்தான்.

வரி விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு உண்டு. பெங்களூரில் இருக்கும் தோழி ஒரு புடவை கேட்டால், உங்கள் பொருள் அந்த விலக்கில் வருகிறதா என்பதை முன்னதாகவே ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரசுத் தளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து இலவசமாகவே செய்துகொள்ளலாம். இதற்கென்று காசு கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாறத் தேவையில்லை.

மாதத்துக்கு ஐம்பது, அறுபது பார்சல்களைத் தாண்டும்போது இந்தச் செயலி திணறும் என்பதே என் மதிப்பீடு. அப்போது இருப்புக் கணக்கும் பில்லும் உள்ள ஒரு தளத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதுவரை, தயங்கி நிற்கும் எவருக்கும் இதையே பரிந்துரைப்பேன். முழு மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைத்து ஐந்துக்கு நான்கு தருவேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். கடைக்கு வாங்கும் சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; பணம் வரும் வங்கிக் கணக்கும், அதனுடன் இணைந்த எண்ணும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். கணவர் கணக்கிலோ மகன் கணக்கிலோ பணம் வரும்படி வைத்துக்கொண்டால், பணம் வந்ததா என்று கேட்பதற்கு அவர் மாலையில் வீடு திரும்பும்வரை காத்திருக்க நேரிடும். வாங்கியவரோ இங்கே “அனுப்பிட்டேனே அக்கா, பாருங்க” என்று மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருப்பார். செயலியின் அமைப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, உரையாடல்களைத் தினமும் பேக்கப் எடுக்கும்படி வைத்துவிட்டால், போன் மாறினாலும் வாடிக்கையாளர் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும். வங்கிக்குப் போய்க் கணக்குத் தொடங்க ஒரு முற்பகல் ஆகும். முதல் புடவையைப் படம் எடுப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.